ஒரு கூட்டத்தைக் குறைத்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழ் வந்ததும் நான் முதலில் புரட்டுவது மாவட்டப் பக்கத்தை. அதில் கிறிஸ்தவ சபைகளைப் பற்றி என்ன வருகிறது என்று கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். புதிய ஆலயம் பிரதிஷ்டை, மணிக்கோபுரத்துக்கு அடிக்கல், திருவிழாக் கொடியேற்றம், தேர்ப்பவனி, அறுப்பின் பண்டிகை ஏலம், சபைத் தேர்தலில் எந்த அணிக்கு எத்தனை இடம். சில சமயம் கோர்ட் கேஸ். நிருபர்களைக் குறை சொல்லமாட்டேன், நாங்கள் எழுதிக் கொடுப்பதைத்தானே அவர்கள் போட முடியும்? ஆனால் இதை மட்டும் படிக்கிறவருக்கு சபை என்பது கட்டடம் கட்டுகிற, பணம் பிரிக்கிற, தேர்தல் நடத்துகிற ஓர் அமைப்பு என்றுதான் தோன்றும். உள்ளே இருக்கிற எங்களில் பலருக்கும் அப்படித் தோன்ற ஆரம்பித்துவிட்டது என்பதுதான் என் கவலை.

வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவரலாமா என்று சிலர் கேட்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 47 பேர் கிறிஸ்தவர்கள். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இந்த விகிதம் கிடையாது. இத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை எதைக் கேட்டுவிட்டு வருகிறார்கள், திங்கட்கிழமை பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது மீதி 53 பேருக்கும் சம்பந்தப்பட்ட சங்கதிதான். ஆகவே வீதியிலேயே பேசலாம்.

நான் நெய்யூர் பக்கம் ஒரு கிராமத்தில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவன். சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். கமிட்டியில் இருந்ததில்லை, தேர்தலில் நின்றதில்லை, மேடையில் ஏறி ஜெபித்ததுகூட இல்லை. பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சு, மின்விசிறிக்கு நேர் கீழே. அங்கே உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவர்கள்தான் சபையில் பெரும்பான்மை. எங்களிடம் சபை கேட்பது இரண்டே இரண்டுதான்: வா, கொடு. கூட்டத்துக்கு வா, சந்தா கொடு, கட்டட நிதி கொடு, மிஷனெரி காணிக்கை கொடு. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டால் நற்செய்திப் பணியில் எங்கள் பங்கு முடிந்தது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் படித்துவிட்டோம்.

மிஷனெரி ஞாயிறு என்று ஒன்று உண்டு. வெளிமாநிலத்திலிருந்து ஊழியர் ஒருவர் வருவார், சுவரில் படம் காட்டுவார், மலைக் கிராமங்கள், ஓலைக்குடிசை, சிரிக்கிற பிள்ளைகள். பெஞ்சுக்குப் பெஞ்சு கவர் வரும். நானும் போடுவேன், மனசார. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிய நாளிலிருந்து, தென்கோடித் தமிழர் தங்கள் கைக்காசைப் போட்டு, வெள்ளைக்காரர் தயவு இல்லாமல் ஊழியர்களை அனுப்பி வந்திருக்கிறார்கள். அதை நான் சின்னதாக நினைக்கமாட்டேன். என் கேள்வி கவரை மூடி ஒட்டிய பிறகு வருகிறது. மீதி ஆறு நாளும் நான் யார்?

எங்கள் ஆலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு லைன் வீடு இருக்கிறது. ஓட்டுக்கூரை, வரிசையாக அறைகள், வாசலில் கொடி கட்டிக் காயப்போட்ட லுங்கிகள். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கி, கட்டட வேலைக்கும் இன்டர்லாக் கல் கம்பெனிக்கும் போகிறார்கள். ஒடிசா ஊழியத்துக்காக எங்கள் சபை ஆண்டுதோறும் ஜெபிக்கிறது, பணம் அனுப்புகிறது. ஒடிசாவே வந்து எங்கள் இடவழியில் குடியிருக்கிறது, அதன் பெயர் என்னவென்று நாங்கள் கேட்கவில்லை. ஒருநாள் அதில் ஒரு பையனுக்குக் கடும் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர், ரப்பர் பால் வெட்டுகிறவர், பால் எடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில் பார்த்து, தன் பைக்கில் நடுவே அவனை உட்காரவைத்து, பின்னால் இன்னொரு பையன் பிடித்துக்கொள்ள, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சீட்டு எழுதுகிற இடத்தில் பையன் சொன்னது இவர்களுக்குப் புரியவில்லை, இவர்கள் கேட்டது அவனுக்குப் புரியவில்லை. கல்ஃபில் இருந்து திரும்பிய மச்சானுக்குப் போன் போட்டு, அவருடைய அரைகுறை ஹிந்தியை ஸ்பீக்கரில் வைத்துச் சமாளித்திருக்கிறார். அன்று ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் விடிவதற்குள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல் மரத்துக்குப் போய்விட்டார்.

இதை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி. அவரிடமே போய், "சபையில் ஒரு சாட்சியாகச் சொல்லலாமே" என்றேன். "இதுல என்ன ஊழியம் கிடக்கு போஸ்ட்மேனே? பயலுக்குக் காய்ச்சல், கொண்டுபோனேன்" என்றார். அவர் அடக்கத்தால் அப்படிச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஊழியம் என்றால் மைக் வேண்டும், வெள்ளைச் சட்டை வேண்டும், கையில் வேதப்புத்தகம் விரித்திருக்க வேண்டும் என்று நிஜமாகவே நம்புகிறார். அந்த வருடத்து ஆண்டறிக்கையில் கட்டட நிதி வரவு செலவு உண்டு, ஜெனரேட்டர் பழுது பார்த்த செலவு உண்டு, மிஷனெரி காணிக்கை உண்டு. இது கிடையாது. எழுதுவதற்கு அதில் தலைப்பே இல்லை.

இந்த மாதிரி மனிதர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள், நேரம் இருந்தால். இங்கேதான் நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன்.

நடுத்தரமான ஒரு சபையின் வார அட்டவணையை எடுத்துப் பாருங்கள். திங்கள் ஜெபக்குழு. செவ்வாய் பாடகர் பயிற்சி. புதன் வீட்டு ஜெபக்கூட்டம். வியாழன் பெண்கள் ஐக்கிய சங்கம். வெள்ளி உபவாசக் கூட்டம். சனி ஆயத்தக் கூட்டம். ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளி, ஆராதனை, அது முடிந்து கமிட்டி, சாயங்காலம் வாலிபர் சங்கம். இதற்கு மேல் கன்வென்ஷன், அறுப்பின் பண்டிகை ஆயத்தம், கேரல் ரவுண்ட்ஸ். எல்லாவற்றுக்கும் வருகிறவருக்கு நல்ல விசுவாசி என்று பேர். வராதவருக்கு வேறு பேர். இரண்டு பேரையும் நான் பார்த்திருக்கிறேன். கூட்டம் தவறாத ஓர் அக்காவுக்குத் தன் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்த பெரியவரைத் தெரியாது. கெட்ட மனசு கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த அக்கா வீட்டிலேயே இருந்ததில்லை, அவ்வளவுதான்.

அதனால் சபைகளுக்கு நான் வைக்கிற வேண்டுகோள் சின்னது. புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். புதுக் கமிட்டி சுத்தமாக வேண்டாம். வாரத்தில் ஒரு கூட்டத்தை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு சாயங்காலத்தைச் சபையாருக்குத் திருப்பிக் கொடுங்கள். எதற்கு என்று சொல்லியே கொடுங்கள்: உன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பத்து வீட்டுக்கு நீதான் பொறுப்பு, இன்றைக்குப் போய்ப் பார்.

வீட்டு ஜெபக்கூட்டமே அதற்குத்தானே என்று சொல்வீர்கள். ஆமாம், அதற்காகத்தான் தொடங்கினார்கள். இப்போது என்ன ஆனது? ஜெபம் முடிந்ததும் கட்டஞ்சாயாவும் (பால் விடாத தேநீர்) நேந்திரங்காய் சிப்ஸும் என்று இருந்தது. யாரோ ஒரு வீட்டில் வடை போட்டார்கள். அடுத்த வீட்டில் வடையோடு கேசரி. கல்ஃப் காரர் வீட்டில் பஃப்ஸ், கட்லெட், பேப்பர் கப்பில் ஐஸ்கிரீம். முப்பது பேருக்கு இதெல்லாம் செய்ய எத்தனை வீட்டில் முடியும்? முடியாதவர்கள் "இந்த மாதம் வேறு யாராவது எடுங்க" என்று நழுவுகிறார்கள். இரண்டு முறை நழுவினால் மூன்றாம் முறை யாரும் கேட்பதில்லை. இப்படியே கூட்டம் டைல்ஸ் போட்ட ஹால் உள்ள ஏழெட்டு வீடுகளுக்குள் சுற்றுகிறது. நாம் போய்ப் பார்க்க வேண்டிய வீடு எதுவோ, அந்த வீட்டுக் கதவை நம்முடைய கட்லெட்டே அடைத்துவிட்டது. கட்டஞ்சாயா தவிர எதுவும் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டால் பாதி நோய் தீரும் என்பது என் கணிப்பு. இதைச் சொன்னதற்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

இந்த மாவட்டத்தில் சபை எப்படி வந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்த்தாலும் நான் கேட்பது புதுசு இல்லை என்று தெரியும். மயிலாடிக்காரர் மகாராசன், பயணமாகத் தஞ்சாவூர்ப் பக்கம் போன இடத்தில் கிறிஸ்தவராகி, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். மிஷனெரி வருவதற்கு முன்பே விசுவாசி இங்கே இருந்தார். 1816-இல் ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டுப் புறப்பட்டபோது பொறுப்பை வேதமாணிக்கத்திடம்தான் விட்டுப் போனார். அடுத்த மிஷனெரி சார்லஸ் மீட் வந்து சேர்ந்தது 1818-இல். இடையில் யார் சபையை நடத்தினார்கள்? உழுகிறவர்களும் பனை ஏறுகிறவர்களும் நெசவு செய்கிறவர்களும் சேர்ந்துதான். ஆண்டுவிழாக்களில் துரைமார் படத்துக்குப் பெரிய சட்டம் போடுகிறோம், சரி. அந்த இடைப்பட்ட காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

நெய்யூர்க்காரன் என்பதால் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1838-இல் டாக்டர் ராம்சே தொடங்கியது. எங்கள் தாத்தா தலைமுறைக்குச் சாமர்வெல் துரை என்றால் உயிர். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த அறுவை மருத்துவர், மலையை விட்டுவிட்டு இங்கே வந்து வயிற்றுப்புண்காரர்களுக்கு ஆபரேஷன் செய்தார். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். 1860-களில் டாக்டர் ஜான் லோ இங்கே உள்ளூர் இளைஞர்களைக் கூட்டி மருத்துவம் கற்றுக்கொடுத்து, சுற்றுவட்டாரக் கிளை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஒரு டாக்டரால் பார்க்க முடியாத ஊர்களை அந்தப் பையன்கள் பார்த்தார்கள். அதேபோல நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமை வீட்டில் பிறந்த பெண்கள் அந்தக் கூலியில் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். ஊசியும் நூலும் அன்றைக்கு ஊழியமாக இருந்தது. இன்றைக்கு எங்கள் சபையில் நன்றாகத் தைக்கத் தெரிந்த ஒரு பெண்ணிடம் சபை கேட்கிற ஒரே வேலை, பலிபீடத் துணிக்கு ஓரம் அடித்துத் தருவது.

கத்தோலிக்க சபையைப் பற்றி வெளியிலிருந்து பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை குருவானவரும் இல்லை, துறவியும் இல்லை. குடும்பம் உள்ள, அரசாங்க உத்தியோகம் பார்த்த மனிதர். 1745-இல் ஞானஸ்நானம் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது, இந்தியாவிலிருந்து அந்தப் பட்டம் பெறும் முதல் பொதுநிலையினர் என்று உங்கள் பத்திரிகை உட்பட எல்லாரும் எழுதினார்கள். பொதுநிலையினரின் பணியைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே தனி ஆவணம் வெளியிட்டிருக்கிறது. அன்பியம் என்று பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடுகிற ஏற்பாடும் அவர்களிடம் உண்டு, எங்களுக்கு அது இல்லையே என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். கருங்கல் பக்கத்திலுள்ள என் கத்தோலிக்க நண்பர் சிரிக்கிறார். "எங்க அன்பியமும் திருவிழா வரி பிரிக்கிற வார்டாத்தான் மாறிட்டு வருது, பொறாமைப்படாதேயும்" என்கிறார். ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் கடைசியில், காணாமல் போனவர்களைத் தேடித் தூத்தூர் பக்கத்து மீனவர்கள் தாங்களே படகை எடுத்துக் கடலுக்குப் போனார்களே, அதை எந்தப் பங்கு ஆலயத்தின் ஆண்டறிக்கையில் எந்தத் தலைப்பில் எழுதுவார்கள் என்று அவரிடம் கேட்டேன். அதற்கு அவரிடமும் பதில் இல்லை.

நான் தபால்காரனாக இருந்தபோது முதியோர் உதவித்தொகை மணியார்டராகத்தான் வரும். ஓ.ஏ.பி. பணம் என்போம். மாதத்தில் இரண்டு மூன்று நாள் அதற்கே சரியாகப் போகும். பையில் மைப்பேடு இருக்கும். பாட்டியின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, ஃபாரத்தில் உருட்டி வைக்க வேண்டும். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், ஒரு தடவையில் விழாது. துணியால் துடைத்து, மறுபடி ஒற்றி, மறுபடி வைக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்த விரல் சுடுகிறதா குளிர்ந்திருக்கிறதா, அடுப்பில் ஏதாவது இருக்கிறதா, மருந்து தீர்ந்துவிட்டதா எல்லாம் தெரிந்துவிடும். பணத்தை எண்ணி வாங்கி முடித்ததும், "இந்த மாத்திரை காலையிலயா ராத்திரியிலயா, பார்த்துச் சொல்லு மக்கா" என்று அட்டையை நீட்டுவார்கள். மகன் குவைத்தில், மகள் பெங்களூரில், பேரன் முகம் போனில். பலருக்கு அந்த மாதத்தில் வாசலுக்கு வந்த ஒரே வெளியாள் நான்தான்.

இப்போது அந்தப் பணம் பெரும்பாலும் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கமிஷன் கேட்கிறவன் இல்லை, தாமதம் இல்லை, நல்ல மாற்றம்தான். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை தட்டுகிற கை நின்றுபோனது. அந்த இடத்தை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால், ஒவ்வொரு ஊரிலும் ஆட்களும் சைக்கிள் தூரத்தில் வீடுகளும் சாயங்கால நேரமும் உள்ள அமைப்பு எது? சபைதான். ஆட்கள் இருக்கிறார்கள், வீடுகள் இருக்கின்றன. நேரத்தைத்தான் கூட்டம் எடுத்துக்கொண்டது.

எங்கள் பகுதியில் ஒரு மழைக்காலத்தில் புதன்கிழமை வீட்டு ஜெபம் எடுக்க ஆள் கிடைக்கவில்லை. சரி, கூட்டம் வேண்டாம், இரண்டிரண்டு பேராகப் பிரிந்து சில வீடுகளைப் பார்த்துவிட்டு வருவோம் என்று நாலைந்து பேர் கிளம்பினோம். ஆட்டோ ஓட்டுகிற தம்பி, ஓய்வுபெற்ற ஒரு டீச்சர், தையல்கார அக்கா, நான், இன்னும் ஒருவர். டீச்சரும் நானும் போன முதல் வீட்டில் தனியாக இருக்கிற அம்மா கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம். திரும்பி வந்தபோது கையில் நூறு ரூபாய் நோட்டு. "இந்தத் தடவ எதுக்கு, மதிலுக்கா?" என்று கேட்டார். சுற்றுச்சுவர் நிதியைச் சொல்கிறார். சும்மா பார்க்க வந்தோம் என்று டீச்சர் சொன்னதை அவர் நம்பவே இல்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டேதான் கால் மணி நேரம் பேசினார். நாங்கள் புறப்படும்போதும் "அப்போ இது வேண்டாமா?" என்றார்.

அந்த நூறு ரூபாயைப் பற்றிக் கமிட்டியில் யாராவது யோசிக்க வேண்டும். ஐம்பது வருடமாக எங்கள் சபையில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு, சபைக்காரர்கள் வாசலுக்கு வந்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிகிறது.

அன்றைக்கு எல்லாமே நன்றாக நடந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு வீட்டில் டிவி சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. இன்னொரு வீட்டில் வாரக் கடன் வசூலுக்கு வந்தவர்கள் என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டார்கள். (மைக்ரோ ஃபைனான்ஸ் தவணைக்காக ஒளிந்துகொள்கிற வீடுகள் எங்கள் ஊரில் எத்தனை என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அது தனிக் கடிதமாக எழுத வேண்டிய விஷயம்.) ஆட்டோ தம்பி போன வீட்டில் ஒரு பெரியவருக்கு வாரம் ஒருமுறை டயாலிசிஸ் போக வண்டி இல்லை என்று தெரிந்தது, இப்போது அவர் கூட்டிப்போகிறார், டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு. தையல்கார அக்கா லைன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குத் தையல் கற்றுக்கொடுக்கிறார். அந்தப் பெண் இந்து. அவரை ஆலயத்துக்குக் கூப்பிட்டீர்களா என்று எங்கள் ஆட்களே கேட்டார்கள். அக்கா கூப்பிடவில்லை.

இந்த இடத்தில் இந்து சகோதரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை நான். சபையார் வீடு வீடாகப் போகப்போகிறார்கள் என்று பேப்பரில் படித்தால் பலருக்கு அடிவயிற்றில் பகீரென்கும், அது எனக்குப் புரிகிறது. நான் கேட்பது துண்டுப்பிரசுரத்தோடு போவதை இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரனாக நடந்துகொள்வதைத்தான் கேட்கிறேன். என் விசுவாசத்தை நான் மறைக்கப்போவதும் இல்லை. யாராவது கேட்டால் சொல்வேன். ஆனால் காய்ச்சல்காரனைத் தூக்கிப் பைக்கில் வைக்கும்போது அதற்கு ஒரு பில் போடக்கூடாது.

எங்கள் ஆட்களிடமிருந்து வருகிற எதிர்ப்பு வேறு மாதிரி. ஜெபத்தைக் குறைக்கச் சொல்கிறானே என்பார்கள். ஒரு நாள் கூட்டம் இல்லை என்றால் எல்லாரும் சீரியல் பார்ப்பார்கள் என்பார்கள். பார்ப்பார்கள்தான், சந்தேகமே இல்லை. பாதிப் பேர் பார்ப்பார்கள். மீதிப் பாதியைப் பற்றித்தான் எனக்கு அக்கறை. ஜெபத்தைப் பொறுத்தவரை, அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். எருசலேமில் துன்பம் வந்தபோது அப்போஸ்தலர்கள் ஊரிலேயே இருந்தார்கள், சிதறிப்போய் வசனத்தைப் பிரசங்கித்தவர்கள் மற்ற எல்லாரும். பேர் தெரியாத சனங்கள். எபேசியருக்கு எழுதும்போது பவுல், மேய்ப்பரும் போதகரும் கொடுக்கப்பட்டதே பரிசுத்தவான்களை ஊழியத்துக்கு ஆயத்தப்படுத்தத்தான் என்கிறார். எங்கள் போதகருக்கு எங்கே நேரம்? அவர் கட்டட பிளான் அப்ரூவலுக்கு அலைகிறார், இரண்டு அணிக்கும் நடுவில் சமாதானம் பேசுகிறார், ஒரு நாளைக்கு மூன்று வீட்டு விசேஷத்துக்கு ஜெபிக்கப் போகிறார். அவர் சாயங்காலத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம், இதற்குச் செலவே இல்லை. மிஷனெரி ஒருவர் புறப்பட்டால் அவரை முன்னால் நிறுத்தி, கை வைத்து ஜெபித்து, பொன்னாடை போட்டு அனுப்புகிறோம். எங்கள் சபையிலிருந்து நர்ஸ் பிள்ளைகள் சவூதிக்கும் குவைத்துக்கும் அயர்லாந்துக்கும் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசி அறிவிப்பில், "இன்ன குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை ஐந்நூறு" என்று மட்டும் வாசிப்பார்கள். அந்தப் பிள்ளை ராத்திரி ஷிப்டில் யாரோ ஊர் தெரியாத ஒருவரின் கடைசி மணி நேரத்தில் பக்கத்தில் நிற்கப்போகிறது. அதையும் முன்னால் கூப்பிட்டுக் கை வையுங்கள். அதே வரிசையில் பால் வெட்டுகிறவரையும் ஆட்டோ தம்பியையும் ரேஷன் கடையில் எடை போடுகிற பெண்ணையும் ஒவ்வொரு ஞாயிறாகக் கூப்பிடுங்கள். உங்கள் வேலையில் எது கஷ்டம் என்று ஒரு கேள்வி கேளுங்கள், ஐந்து நிமிஷம் போதும். அறிவிப்பு வாசிப்பதில் இரண்டைக் குறைத்தால் அந்த ஐந்து நிமிஷம் கிடைத்துவிடும்.

ஒரு கூட்டத்தைக் குறைக்கக் கேட்டு எங்கள் சபைக் கமிட்டிக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்கி வருகிறேன். செவ்வாய்க்கிழமையை விட்டுக்கொடுக்கலாம் என்று எழுதியிருந்தேன். பாடகர் குழுத் தலைவர் படித்துப் பார்த்தார். கருத்து ரொம்ப நல்ல கருத்து, ஆனால் கிறிஸ்மஸ் வருகிறது, செவ்வாய் முடியாது, வியாழன் என்று திருத்தினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். வியாழக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கம். அவர்களிடம் நாளை போகிறேன், கட்லெட் பேச்சை எடுக்காமல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
நெய்யூர் அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.